பீமராவ் சாய்தளம் இறங்கிய படலம்

வாழி, பீமராவ்! காவிரியும் கொள்ளிடமும் இரு கைகளால் அணைத்துக் காக்கும் திருவரங்கத் தீவின் செல்வமே, அஞ்சல் நிலையத்தில் முத்திரை குத்திக் குத்தித் தழும்பேறி ஓய்வுபெற்ற வலக்கையோனே, பெயரில் மட்டும் பேருடல் தாங்கி மற்றபடி காற்றடித்தால் குடையோடு நகரும் மெல்லுடல் வேந்தே, நல்ல கத்தரிக்காயையும் சொத்தைக் கத்தரிக்காயையும் ஒரே கண்ணால் நோக்கும் சமநிலை ஞானியே, வாழி! நின் புகழ் பாடப் புகுந்தோம். எடுத்த காரியம் இடையூறின்றி முடியும்பொருட்டு முதலில் சக்கரத்தை வணங்குகிறோம். அடுத்து அதன் பிரேக்கை வணங்குகிறோம். பிரேக்கைச் சற்றுக் கூடுதலாகவே வணங்குகிறோம்.

அறிக, இப்பெருமகனின் இல்லத்தரசி யமுனா. காந்தி மார்க்கெட்டின் காய்கறிக் குன்றுகளிடையே அவள் கூடையேந்திப் புகுந்தால், கடைக்காரர்கள் தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். காம்பைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பியே, கத்தரிக்காயின் வயிற்றுக்குள் மறைந்துறையும் புழுவை வெளியிலிருந்து கண்டறியும் நுண்விரலாள் அவள். மொட்டைமாடிப் படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து அவளால் நடக்க முடியவில்லை. வீட்டுக்குச் சக்கர நாற்காலி வந்தது. கூடை பீமராவின் கைக்கு மாறியது. அன்று முதல் அந்த வீட்டில் வாங்கிய கத்தரிக்காயில் பாதி குப்பைக்குப் போனது.

இதனினும் கொடிய நாள் ஒன்று உண்டு. நாற்காலி வந்த புதிதில், தில்லை நகரில் ஒரு மருத்துவமனை வாசலில், இருசக்கர வாகனப் பெருஞ்சேனை இருமருங்கும் உறுமி நிற்க, ஆட்டோக்காரர் அவசரப்படுத்த, தன் தோள்வலியை உலகம் அறியும் தருணம் இதுவே எனக் கருதிய பீமராவ், மனைவியிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், நாற்காலியை நேர்முகமாகவே சரிவில் செலுத்தினான். முன்சக்கரத்தில் ஒரு கல் தட்டியது. நாற்காலி நின்றது, யமுனா நிற்கவில்லை. அவள் முகவாயில் தையல் போட்டார்கள்.

தையல் பிரித்த அன்று, குருதி தோய்ந்த மறவர் குலப் பெண்டிரும் நடுங்கும்படி யமுனா சபதம் உரைத்தாள்.

“இனிமே என் வீல்சேர்ல நீங்க கை வைக்க வேண்டாம்.”

அவ்வளவுதான் சபதம். ஆனால் தள்ளுவதற்கு வேறு ஆளில்லாத வீட்டில் அது கோட்டைக் கதவை உள்ளிருந்தே தாழிட்டதற்கு ஒப்பாயிற்று. பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி நேரம் கிடைத்தபோது வாசல்வரை தள்ளிவந்து விடுவாள். அதற்கப்பால் யமுனா போகவில்லை. அவளுக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். பீமராவுக்கோ, தன் கையை நம்பி அவள் ஒரு தடவை நாற்காலியில் சாய்ந்து உட்கார வேண்டும். அவன் இரவு பகலாக வேண்டியது இது ஒன்றைத்தான்.

இவ்வாறு வெந்து நைந்த வீரன், சக்கர நாற்காலியில் இருப்போருக்குத் துணை நிற்பவர்களுக்கான பயிற்சி வகுப்பொன்று இராஜகோபுரத்துக்குத் தெற்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நடப்பதைக் கேள்வியுற்று, நெற்றியில் சந்தனமும் இடுப்பில் புதுப் பெல்ட்டும் துலங்கப் போர்க்களம் புகுந்தான். அங்கே ஆசனமிட்டு அமராமல் நின்றபடியே படை நடத்தினாள் ஷெர்லின் என்னும் பிசியோதெரபிஸ்ட், கழுத்தில் விசிலும் கண்ணில் கண்டிப்பும் அணிந்த இளம் தளபதி. அவள் முழங்கிய முதல் பிரகடனம் இது:

“வீல்சேரும் அவங்க உடம்புதாங்க. கேக்காம தொடாதீங்க. எப்படிப் போகணும்னு உக்காந்திருக்கிறவங்க சொல்லட்டும்.”

இரண்டாம் பிரகடனம் இன்னும் கடுமையானது:

“சரிவு அதிகமா இருந்தா முதல்ல நீங்க, அப்புறம் வீல்சேர். ரெண்டு பேருமே பின்பக்கமாத்தான் இறங்கணும். தோளுக்கு மேல திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வாங்க.”

பயிலவந்த படையில் பீமராவுக்கு இணையாக வாய்த்தவன் சுடலைமுத்து. காந்தி மார்க்கெட்டில் மூட்டை சுமந்து மலையான தோளன். அண்ணனைத் தள்ளிச் செல்லக் கற்க வந்த பாசக்காரன். நாற்காலியின் கைப்பிடி தட்டுப்பட்ட கணமே அவனுக்குத் தட்டுவண்டி ஞாபகம் வந்துவிடும். “சைடு, சைடு!” என்ற போர்முழக்கத்தோடு அவன் மண்டபத்தைச் சுற்றிவர, நாற்காலியில் அமர்ந்திருந்த பீமராவ், தன்னைத் தக்காளி என்றே சிறிது நேரம் நம்பினான். கேட்காமல் தள்ளப்படுவது எப்படி இருக்கும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிரேக்கைப் பூட்டினான், விடுவித்தான். கால்தட்டை மடக்கினான், விரித்தான். நாற்காலியின் பின்னே நீண்ட மிதிகட்டையை மிதித்து முன்சக்கரத்தை உயர்த்தி வாசற்படி கடந்தான். அனைத்திலும் வென்ற அவ்வீரனை வீழ்த்தக் காத்திருந்தது மண்டப வாசலின் சாய்தளம். சிமெண்டு பூசி வழுவழுத்து, செங்குத்தாய்ச் சரிந்து, வடக்கு நோக்கித் தெருவில் இறங்கியது அது. வடக்கே, வானளாவி, வண்ணமயமாய், நேரெதிரே நின்றது இராஜகோபுரம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பீமராவ் பிறந்தது முதல் கோபுரத்துக்கு முதுகு காட்டியதில்லை. பேருந்துக்குக் காத்திருந்தாலும் ஒருக்களித்தே நிற்பான். தெற்கே போவதென்றால் வீடுகள் கோபுரத்தை மறைக்கும் சந்தாகப் பார்த்துச் சுற்றிப் போவான். அவன் தெருவில் பலரும் இதை அறிவார்கள். யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. ஷெர்லினின் சட்டப்படி பின்னோக்கி இறங்கினால், அவன் முதுகு மட்டுமா, நாற்காலியில் இருப்பவரின் முதுகும் சேர்ந்தல்லவா கோபுரத்தை நோக்கும்! இதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆகவே, ஒத்திகை நாளன்று, சுடலைமுத்து என்னும் மாமலையை நாற்காலியில் ஏற்றி, கோபுரத்தை நேர்கொண்டு நோக்கி, பற்களைக் கடித்து, நேர்முகமாகவே இறங்கினான். மாமலை சறுக்கியது. அடிவாரத்தில், மாடியில் நடந்த முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்புக் குவியலின் நடுவே, அசையாச் சிலையென அமர்ந்தது. விசில் ஊதிப் பறந்துவந்தாள் தளபதி.

“ஏன் சார் திரும்பலை? நாளைக்கு உங்க வீட்டம்மாவை இப்படி இறக்கினா என்ன ஆகும்?”

பீமராவ் நாற்காலியைச் செருப்புக் குவியலிலிருந்து இழுக்கத் தொடங்கினான். சுடலைமுத்து தன் செருப்பு அதில் எதுவென்று தேடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்தது. யார் யாருக்குத் துணையோ அவரவரையே நாற்காலியில் இருத்தி இறக்கிக் காட்டவேண்டிய இறுதிப் போர் அன்று. ஷெர்லின் வீடுதேடி வந்து பேசியதால், ஒரே ஒரு தடவை என்னும் நிபந்தனையோடு, பாக்கியமேரி தள்ளிவர யமுனா வந்தாள். சாய்தளத்தின் உச்சியில் நாற்காலி நின்றது. பாக்கியமேரி விலகினாள். முகவாயில் தழும்பு வெயிலில் மின்ன, யமுனா நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

ஒருபுறம் பிறந்தது முதல் காத்த ஆசாரம். மறுபுறம் கட்டிய மனைவியின் முகவாய். இரு பெரும் சேனைகளுக்கு நடுவே, கைப்பிடியைத் தொடவும் துணியாமல், கைகளைக் காற்றில் ஏந்தி நின்றான் எம் தலைவன். மண்டபத்து நாதஸ்வரம் ஓய்ந்தது. ஊதியவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். அப்போதுதான் முதல் பிரகடனம் அவன் நினைவுக்கு வந்தது. தான் யமுனாவிடம் இதுவரை எதையுமே கேட்டதில்லை என்பதும் வந்தது. குனிந்து, அவள் காதருகே மெல்லச் சொன்னான்.

“யமுனா, பின்பக்கமா இறங்கணுமாம். ரெண்டு பேரும் கோபுரத்துக்கு முதுகு காட்டுற மாதிரி ஆயிடும். என்ன பண்ணட்டும்? நீ சொல்லு.”

யமுனா திரும்பி அவனை ஏறிட்டாள். வாசற்படி, ஆஸ்பத்திரி, ஆட்டோ எதிலும் இப்படி ஒரு கேள்வி அவள் காதில் விழுந்ததில்லை.

“பெருமாள் எந்தத் திசையைப் பார்த்துப் படுத்திருக்கார்?”

“தெற்கே.”

“நாம எங்க இருக்கோம்?”

“தெற்கே.”

“அப்புறம் என்ன? அவர் நம்மளப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார். நான் விழாம இறங்குறதையும் பார்க்கட்டும். திருப்புங்க.”

திருப்பினான்! பிரேக்கை விடுவித்தான்! சமவெளியில் தபால் பையன்றி வேறு பாரம் அறியாத அவ்விரு கைகளும் கைப்பிடியை இறுகப் பற்ற, முன்வைத்த காலைப் பின்வைப்பது வீரர்க்கு இழுக்கென்னும் மரபனைத்தையும் ஓரம் கட்டி, பின்வைத்த காலுக்குப் பின்னும் ஒரு காலாகப் பின்வைத்து, மனைவியின் பாரம் முழுவதையும் மார்பில் தாங்கி, எம் தலைவன் புறங்காட்டி இறங்கினான். ஷெர்லினின் சட்டப்படி தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். அங்கே கோபுரம் நின்றது. மறுபடி பார்த்தான், மறுபடியும் நின்றது. நேர்முகமாக நடந்த நாட்களில்கூட அவன் அதை இத்தனை தடவை பார்த்ததில்லை. பாதிச் சரிவில், நாற்காலியைப் பற்றியிருந்த யமுனாவின் கைகள் தளர்ந்து மடிக்கு வந்தன. அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். பீமராவுக்கு அழுகை வந்தது. இரு கையிலும் வேலை இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை.

பின்சக்கரம் தெருவைத் தொட்ட அக்கணத்தில் திசையானைகள் பிளிறவில்லை, விண்ணவர் பூமாரி பொழியவில்லை, ஆயினும் சுடலைமுத்து “சைடு, சைடு!” என்று முழங்கித் தெருவையே ஒதுக்கினான், தளபதி வெற்றி விசில் ஊதினாள், போக்குவரத்துப் பெருங்கடல் இருபுறமும் பிளந்து வழிவிட்டது. வென்ற வேந்தன் அடுத்து எத்திசை நோக்கிப் படையெடுப்பான் என உலகம் மூச்சடக்கிக் காத்திருக்க, அவன் தானாக முடிவு செய்யவில்லை. “எங்க போலாம்?” என்று கேட்டான். “மார்க்கெட்டுக்கு” என்றாள்.

அன்று சாயங்காலம் காந்தி மார்க்கெட்டில் யமுனா, பீமராவோடு பேசிய பேச்சில் காம்பைத் திருப்ப மறந்து, தன் கையாலேயே பொறுக்கி வாங்கிய கத்தரிக்காயில் இரண்டு சொத்தை.