நடுவருக்கு மலையில் உறவில்லை

நடுவர் அம்மாள் மலைமேல் கிளியூரில் பிறந்தவர் என்ற செய்தி, போட்டி தொடங்க இருந்த காலையில்தான் வெளியே வந்தது. கண்டுபிடித்தவர் சின்னசாமி. ஏற்காட்டில் ஒரு பள்ளியின் பாட்டு வாத்தியார். யார் யாருக்கு என்ன சொந்தம் என்பதில் அவருக்கு இருந்த ஞானத்தில் பாதி சுருதியில் இருந்திருந்தால், சுழற்கோப்பை என்றைக்கோ அவர் பள்ளிக்குப் போயிருக்கும்.

"ரைட்டருங்க, அந்தம்மா ஊரு சேலம்னு போட்டிருக்கீங்க. பொறந்தது கிளியூருங்க. அவுங்க சித்தப்பா பையன் இன்னும் அங்கதான் மொளகு போட்டிருக்காரு."

ஆரோக்கியதாஸ் குடிக்க எடுத்த காப்பியை அப்படியே கீழே வைத்தார். அவருக்கு எஸ்டேட்டில் ரைட்டர் வேலை. வருடத்தில் ஒரு நாள் மட்டும், மலைப் பள்ளிகளின் இசை, பேச்சுப் போட்டிக்குச் செயலாளர். அந்த ஒரு நாளுக்காகத்தான் மனுஷன் மற்ற நாட்களில் கணக்கு எழுதுகிறார் என்று மனைவி ஜெயகுமாரி சொல்வாள். அதில் பொய்யில்லை. வகுப்பில் பேர் கேட்டாலே தலை குனியும் பிள்ளைகள் அந்த மேடையில் ஏறி வாய்விட்டுப் பாடும்போது அவரும் கீழே நின்று கூடவே வாயசைப்பார்.

போட்டிக்கு ஒரே ஒரு கடுமையான விதி. நடுவருக்கு மலையில் சொந்தம் இருக்கக் கூடாது. கல்யாணம், ஞானஸ்நானம், எஸ்டேட் வேலை என்று யாரைத் தொட்டாலும் இன்னொருவருக்கு மாமன் மச்சானாக வந்து நிற்கும் ஊர் இது. போன வருடம் முதல் பரிசு வாங்கிய பையனுக்கு நடுவர்தான் ஞானத்தகப்பன் என்பது பரிசு கொடுத்த பிறகு தெரிந்தது. பெற்றோர்கள் மேடையேறிவிட்டார்கள். நடந்த இழுபறியில் கோப்பையின் ஒரு காது உடைந்தது. இந்த வருடம் ஒரு புகார் வந்தாலும் போட்டியை அடியோடு நிறுத்திவிடுவதாகக் கமிட்டித் தலைவர் சொல்லிவிட்டார். அதனால் நடுவரின் பின்னணியை மேடையிலேயே வாசித்து, "இவருக்கு மலையில் உறவினர் எவரும் இல்லை" என்று முடிப்பதென ஏற்பாடு.

சின்னசாமி இதில் கறாராக இருக்க இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய குழுவுக்குச் சரியான போட்டி, ரைட்டரின் மகள் ரூபி பாட்டு டீச்சராக இருக்கும் பள்ளிதான். நடுவராவது யாருக்கும் ஒட்டில்லாத ஒருவராக இருக்கட்டும் என்பது அவர் நியாயம். அதை ஆரோக்கியதாஸும் ஒப்புக்கொண்டிருந்தார்.

நடுவர் அம்மாளுக்குப் போன் போட்டு, பிறந்த ஊரைக் காரணம் சொல்லி, பணிவாக மன்னிப்புக் கேட்டார். அம்மாள் பாதி மலை ஏறியிருந்தார். கோபத்தில் காரை அங்கேயே திருப்பச் சொல்லிவிட்டார். பேச்சுப் போட்டிக்கு வரவிருந்த நடுவரும் அதே காரில்தான் இருந்தார் என்பது பிறகுதான் ஆரோக்கியதாஸுக்கு உறைத்தது.

அடுத்து சேலத்தில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் கூப்பிட்டார். அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்து, தன் மனைவிக்கு மலைமேல் மாரமங்கலம்தான் பிறந்த வீடு என்பதைக் கூடுதல் தகுதியாகத் தெரிவித்தார். மூன்றாவதாகக் குப்பனூரில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் இளைஞன் ஒருவன் கிடைத்தான். குப்பனூர் அடிவாரம்தானே, மலை இல்லையே என்று வாதாடிப் பார்த்தார்.

"மலை அங்கதானுங்க ஆரம்பிக்குது" என்றார் சின்னசாமி.

அந்த நேரம் பார்த்து ஜெயகுமாரி போன் செய்தாள்.

"ஏனுங்க, சாயந்திரம் நேரத்துக்கு ஊட்டுக்கு வந்துருங்க. சேலத்துக்காரங்க வராங்க. முக்கியமாப் பேசணும்."

"அவுங்கள்ல யாருக்காச்சும் சங்கீதம் தெரியுமா?"

ஜெயகுமாரி போனை வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் ஆரோக்கியதாஸ் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். சேலம் பஸ் அப்போதுதான் வந்து நின்றது. கம்பளிக் குல்லாயும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சுற்றுலாக் கூட்டம் இறங்கியது. கடைசியாக, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், கையில் ஆப்பிள் பையோடு இறங்கினார். வளைவுகளில் சுற்றி வந்த தலை இன்னும் நிற்கவில்லை போலும், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆரோக்கியதாஸ் அவரையே பிடித்துக்கொண்டார்.

பெரியவர் பெயர் செபாஸ்டின். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர். பேச்சுக்குப் பேச்சு, பாட்டுக்குப் பாட்டு. ஆண்டவரே பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதாக ஆரோக்கியதாஸ் நினைத்தார்.

"மலையில உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

செபாஸ்டின் கொஞ்சம் யோசித்தார். "இன்னைக்குத் தேதிக்கு யாரும் இல்லீங்க."

ஆரோக்கியதாஸ் கைகூப்பி, தான் இன்னார், இன்ன எஸ்டேட் ரைட்டர் என்று சொல்லி, நடுவராக வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பெரியவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களே வந்து கூப்பிடறப்ப மாட்டேன்னு சொல்ல முடியுங்களா?"

என்ன மரியாதை தெரிந்த மனிதர் என்று ஆரோக்கியதாஸ் நெகிழ்ந்துபோனார்.

மேடையில் பின்னணி வாசிக்கப்பட்டது. ரயில்வே அனுபவத்துக்கு ஓரளவு கைதட்டல். கோயில் பாட்டுக்கு இன்னும் கொஞ்சம். "மலையில் உறவினர் எவரும் இல்லை" என்றதும்தான் அரங்கமே அதிர்ந்தது. சின்னசாமிக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. நடுவர் மேஜைக்கே போய், பிறந்த ஊர், அம்மா பிறந்த ஊர், மனைவி பிறந்த ஊர், எந்தப் பங்குக் கோயில் என்று துருவித் துருவி விசாரித்தார். ஒரு நூல்கூடச் சிக்காமல், மழையில் போன ஐஸ் வியாபாரி மாதிரி திரும்பி வந்தார்.

குழுக்களுக்கு எண் மட்டும்தான். பள்ளியின் பெயரோ ஆசிரியர் பெயரோ சொல்வதில்லை. பாட்டு டீச்சர்கள் பிள்ளைகளைப் பார்த்து நிற்பதால் நடுவருக்கு அவர்கள் முதுகுதான் தெரியும். செபாஸ்டின் தன் கருத்துகளைப் பழைய பழக்கத்திலேயே மைக்கில் சொன்னார்.

"இரண்டாம் எண் குழு, கடைசிச் சரணத்துக்குச் சற்றுத் தாமதமாக வந்து சேர்ந்தது. வருந்துகிறோம்."

இரண்டாம் எண் சின்னசாமியுடையது. ஆனாலும் சின்னசாமி தலையாட்டினார், தாமதம் உண்மை. ரூபியின் நான்காம் எண் குழு பாடி முடித்ததும், அம்மா அவசரமாகக் கூப்பிட்டாள் என்று ரூபி வீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் செபாஸ்டின் செயலாளரிடம், வீட்டில் எத்தனை பேர், கோபம் வருமா என்றெல்லாம் கேட்டார். பாட்டு கேட்டுக் களைத்துப்போனவர், ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று ஆரோக்கியதாஸ் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

முடிவு வந்தது. கோப்பை நான்காம் எண்ணுக்கு. அது தன் மகளின் குழு. ஆரோக்கியதாஸ் கோப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அரங்கம் மொத்தமும் திரும்பிச் சின்னசாமியைப் பார்த்தது.

சின்னசாமி மெல்ல எழுந்தார். "நடுவருக்கு இங்க ஒருத்தரும் இல்லீங்க. நானே விசாரிச்சுட்டேன். அந்தப் புள்ளைங்க நொம்ப நல்லாப் பாடுச்சு. இதுல பேச ஒண்ணும் இல்லீங்க."

புகார் இல்லை. அடுத்த வருடமும் போட்டி உண்டு என்று தலைவர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். ஆரோக்கியதாஸ் மேடை ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்றிருந்தது.

நடுவரை வீட்டுக்கு ஒரு வாய் காப்பிக்கு அழைத்தார். தானும் அங்கேதான் வர இருந்ததாகச் செபாஸ்டின் சொன்னார். அன்பு மிகுதியில் சொல்கிறார் என்று ஆரோக்கியதாஸ் எடுத்துக்கொண்டார். ரூபி இல்லாததால் கோப்பை கமிட்டியிடமே இருந்தது. ஒரு வாத்தியார் இன்னொரு வாத்தியாருக்குச் செய்கிற மரியாதை என்று சொல்லி, சின்னசாமி அதைத் தானே தூக்கிக்கொண்டு கூட வந்தார்.

வீட்டு வாசலில் புதுச் செருப்புகள் கிடந்தன. உள்ளே பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள், ஜெயகுமாரியோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் தட்டுகளில் பழம், பூ, இனிப்பு. புதுப் புடவையில் காப்பி கொண்டுவந்த ரூபியின் கையில் சின்னசாமி கோப்பையை வைத்தார். நான்காம் எண் குழுவின் டீச்சர் இவள்தான் என்று நடுவருக்கு அறிமுகமும் செய்துவைத்தார். செபாஸ்டின் அவள் முகத்தைப் பார்த்தார். ஆப்பிள் பை கையிலிருந்து நழுவியது.

பட்டுப்புடவை அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பொண்ணு ஊட்டைப் பத்தி விசாரிச்சுப்போட்டு வரேன்னு முதல் பஸ்ஸுல கெளம்புன மனுசன், வரப்போற மருமவளுக்கே கப்பைக் குடுத்துப்போட்டு வந்து நிக்கறீங்களே."