நாற்காலிக்கு வந்த மரியாதை

எட்டு மணி நேரம் நிற்பதுதான் என் உத்தியோகம். மியூசியத்தில் காவலாளி. "தொடாதீங்க சார்! கயித்தைத் தாண்டாதீங்கம்மா!" இருபத்திரண்டு வருஷமாக என் வாய்க்கு வேறு வசனமே கிடையாது. என் கால்களுக்குப் பேச்சு வந்தால் என்ன சொல்லும் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்தக் கால்களுக்கு இருக்கும் ஒரே ஆறுதல், வீட்டு ஹாலில் கிடக்கும் என் சாய்வு நாற்காலி. ஒரு கை கிடையாது. பிரம்பு நடுவில் தொங்கும். உட்கார்ந்தால் அலறும், எழுந்தால் இன்னும் உரக்க அலறும். ஆனால் என் முதுகுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும்.

"ஞாயித்துக்கிழமை பழைய சாமான்காரர் வராரு. அதைத் தூக்கிப் போடப்போறேன்" என்றாள் என் மனைவி.

அவளிடம் நேராக மோதி நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே சரித்திரத்தையே துணைக்குக் கூப்பிட்டேன். மியூசியம் கடையில் மூன்று பெரிய ஓவியப் பிரதிகள் வாங்கி வந்தேன். கூரை போன கோட்டை, தலை போன தூண்கள், பாதி விழுந்த வளைவு. மூன்றையும் ஹாலில் மாட்டினேன். இடிந்ததெல்லாம் அழகு என்று அவளுக்குப் பழகிவிட்டால், நாற்காலியைத் தூக்க மனசு வருமா?

"என்னங்க இது? நல்லா இருக்கிற வீட்டுல இடிஞ்ச வீட்டைக் கொண்டாந்து மாட்டறீங்க?"

"வீடு இல்லம்மா, கோட்டை! ஆயிரம் வருஷம்!"

"கூரையைக் காணோம்?"

"அதுதான் அழகே! இடிஞ்சு போச்சுன்னு யாராவது தூக்கிப் போட்டாங்களா?"

"போடலதான்."

"ஏன்?"

"பழைய சாமான்காரரால தூக்க முடிஞ்சிருக்காது."

நான் விடவில்லை. "கை உடைஞ்ச சிலைக்கு மியூசியத்துல நாங்க என்ன மரியாதை தரோம் தெரியுமா? அதாம்மா நாகரிகம்!" என்றபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

அவள் படங்களைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அதே வரிசையில் என்னையும் பார்த்தாள்.

"நீங்க சொல்றது சரிதாங்க. நான் தூக்கிப் போடல."

ஆஹா! மறுநாள் எட்டு மணி நேரமும் நான் நிற்கவில்லை, மிதந்தேன்.

சாயங்காலம் ஆசையாக ஓடி வந்தேன். நாற்காலி மூன்று படங்களுக்கும் கீழே, பளபளவென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் நாலு ஸ்டூல். ஸ்டூலுக்கு ஸ்டூல் துணி காயப்போடும் கயிறு. முன்னால் ஓர் அட்டை: 'மிகப் பழமையானது. உட்காராதீர்கள்.'

"என்னம்மா இது அநியாயம்?"

"கை இல்லாததுக்கு மரியாதை தரணும்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க மியூசியத்துச் சிலை மடியில யாராவது போய் உட்காருவாங்களா?"

"நான் விட்டாத்தானே?"

"அப்புறம்?"

"சரி, ஒரு ஸ்டூலாவது குடு."

"நாலும் கயித்துக்கு வேணும்."

அப்போது எதிர்வீட்டு டெய்லர் அம்மா, நான் மாட்டிய படங்களைப் பார்க்க வந்தார். "அட, நாற்காலிகூட போட்டிருக்கீங்களே! செத்த உட்காரட்டுமா?" என்று கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

நல்ல சமயம்! அவர் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் போதும். கயிறும் போச்சு, அட்டையும் போச்சு, நாற்காலி மறுபடி எனக்கு. மனைவியை வெற்றியோடு ஒரு பார்வை பார்த்தேன். 'தாராளமா உட்காருங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"கயித்தைத் தாண்டாதீங்கம்மா!" என்றது வாய்.