எங்கள் சமையலறை சினிமாவுக்குப் போன கதை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் ஏதோ இருக்கிறேன். அங்கே தாங்களும் தங்கள் இல்லாளும், ஒரு வாரமாகத் தங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் இல்லாளும் சௌக்கியமென நம்புகிறேன். வழக்கமா 'டேய் மச்சான்'னு ஆரம்பிக்கிறவன் 'தாங்கள்'னு எழுதறானேன்னு முழிக்காதே. காரியம் ஆகணும். உன் போன்ல கூப்பிட்டா அவதான் எடுத்துக் கட் பண்றா. எப்படியாவது சமாதானப்படுத்தி, கடிதம் கிடைச்ச மறுநாளே அவளை பஸ் ஏத்தி விடு.

அவ உன்கிட்ட பாதிதான் சொல்லியிருப்பா, மீதியை நான் சொல்றேன். என் மக, அதான் உன் மருமக, கார்ட்டூன் படக் கம்பெனியில விளக்கு வைக்கிற வேலை பார்க்கிறாளே, போன ஞாயிறு வந்தவ, படத்துக்காகக் கம்ப்யூட்டருக்குள்ளயே கட்டின ஒரு சமையலறையைக் காட்டினா. முப்பது வருஷம் ஒயர் இழுத்த எலெக்ட்ரீஷியன் நான், சும்மா இருப்பேனா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டேன். ஒரே அறைக்குப் பதினோரு விளக்கு மச்சான்! ஒயர் இல்லை, ஸ்விட்ச் இல்லை, அதுல ஒரு விளக்குக்கு நிழலே விழலை. "ஏம்மா, வெளிச்சம்னா நிழல் விழணுமே"ன்னேன். "இதுக்கு நிழலை மட்டும் அணைச்சு வச்சிருக்கேன்ப்பா"ங்கறா. நிழலை அணைக்கிறாளாம்! இன்னொரு விளக்கைப் பெருசாக்கினா, கத்தியா இருந்த நிழலோட ஓரம் பஞ்சா ஆயிடுச்சு. டம்ளருக்கு அடியில இருந்த நிழலை எடுத்துக் காட்டினா, டம்ளர் மேடையில ஒட்டாம மிதக்குது. உன் அக்கா போனதுலேர்ந்து நானும் அப்படித்தான் இருக்கேன். இதை அவகிட்ட சொல்லு, பொய்யில்லை.

சரி, விஷயத்துக்கு வரேன். பாத்திரத்தைப் புத்தம் புதுசாச் செஞ்சு வச்சா பொய்யாத் தெரியுமாம். எவர்சில்வர்னா பொடிக் கீறல் வேணுமாம், அப்பத்தான் வெளிச்சம் அதுல பட்டுச் சிதறுமாம். அலமாரிக் கதவுல விரல் பட்ட இடத்துல மட்டும் பளபளப்பு மங்கணும், பச்சை வாளிக்குப் பக்கத்துச் சுவர்ல லேசாப் பச்சைச் சாயல் அடிக்கணும், அடுப்புக்குப் பின்னால எண்ணெய்ப் பிசுக்கு வேணும்னு எல்லாத்தையும் போட்டு வச்சிருந்தா. நான் மெய்மறந்து பார்க்கிறேன், அந்த நேரம் பார்த்து உன் அக்கா ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டே பின்னால வந்து நிக்கிறா. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க? "அடியே, இங்கே பாரு! கறை முதற்கொண்டு அப்படியே நம்ம சமையலறை!"ன்னு கத்தித் தொலைச்சுட்டேன்.

அவ நேரா உள்ளே போனா மச்சான். "இருபத்தெட்டு வருஷமா தினம் மூணு தடவை துடைக்கிறேன். ஊர் உலகமெல்லாம் பார்க்கட்டும்"னு பையை எடுத்தா. "அம்மா, கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் அங்கே மனுஷங்க வாழறாங்கன்னு நம்புவாங்க"ன்னு மக பின்னாடியே ஓடினா. "அப்ப நீயும் உங்கப்பாவும் நல்லா வாழுங்க"ன்னு செருப்பை மாட்டிக்கிட்டா.

தப்பு என்னோடதுதான். அவ கை பட்டுத்தான் இந்த வீடு வீடா இருந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது. கால்ல விழச் சொன்னாலும் சம்மதம், முழங்கால் வலியை மட்டும் கொஞ்சம் ஞாபகப்படுத்து. தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். தங்கச்சிக்கு என் அன்பு. அக்காவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை, நீயே பார்த்துச் சொல்லிடு.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டறதுக்குள்ள மக வந்துட்டா. ஒரு வாரமா நான் சமைச்சுப் புழங்கின கோலத்தைப் பார்த்துத் திட்டுவான்னு நினைச்சா, "அப்பா, இப்படியொரு பிசுக்கைத்தான் ஆறு மாசமாத் தேடறேன்!"னு கட்டிப் பிடிச்சுக்கிட்டா. பொங்கி வழிஞ்ச பால், தீய்ஞ்ச வாணலின்னு எழுபது போட்டோ எடுத்தாச்சு. நேர்ல பார்க்க வெள்ளிக்கிழமை அவ டைரக்டரே வராராம், அதுவரைக்கும் துணி படக்கூடாதாம். ஆகவே மேலே எழுதினது அத்தனையும் ரத்து. சனிக்கிழமை வரைக்கும் அக்காவை எப்படியாவது பிடிச்சு வை. மீறிக் கிளம்பிட்டான்னா உடனே போன் பண்ணு, எதிர் பஸ்ல நான் அங்கே வந்துடறேன்.