கரமனைக் குழாயும் கோவளம் மாநாடும்

மகாராஜஸ்ரீ அத்திம்பேர் சாம்பசிவன் அவர்களின் திவ்ய சமூகத்துக்கு, திருவனந்தபுரம் கரமனையிலிருந்து ஆனந்தகிருஷ்ணன் அநேக நமஸ்காரம். இங்கே நானும் ஜெயலக்ஷ்மியும், பிரசவத்துக்கு வந்திருக்கும் எங்கள் பெண் ஜானவியும் க்ஷேமம். குழாய்தான் க்ஷேமமில்லை. வாட்ஸாப்பில் எழுதினால் நீங்கள் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவேள் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி ஜானவியின் வளைகாப்பு. அக்காவும் நீங்களுமாகத் திருநெல்வேலியிலிருந்து நாற்பது பேர் வருகிறீர்கள். எங்கள் தெருக் குழாயிலோ பதின்மூன்று நாளாகக் காற்றுதான் வருகிறது. வால்வு திறக்கும் ஜெயனைக் கேட்டால், "சாமீ, மேலேருந்து ஆர்டர் வராம ஞான் எந்து செய்யும்?" என்கிறான். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான், கோவளத்தில் சர்வதேசக் குடிநீர் வல்லுநர் மாநாடு என்று பேப்பரில் வந்தது. இருபது நாட்டுப் பெரிய மனுஷாள். இதைவிட மேலே யார் இருக்கா? முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்தவன் நான். மனு மூன்று பிரதி, இணைப்பு நான்கு, தெருவார் ஒப்பம் சகிதம் போனேன்.

வாசலிலேயே கழுத்தில் 'ஸ்டேக்ஹோல்டர்' என்று, அதாவது சம்பந்தப்பட்டவனாம், ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். பிறகு ஒவ்வொருத்தராக மேடையேறி ரெசிலியன்ஸ் என்றார்கள், சினர்ஜி என்றார்கள், ஈகோசிஸ்டம் என்றார்கள். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் என்ற வார்த்தையை ஒரே ஒருத்தர்தான் சொன்னார், அவரும் தொண்டை கட்டிப்போய்க் குடிக்கக் கேட்டவர். எனக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். "எங்க தெரு வால்வைத் திறக்கணும். ஒன்பதாம் தேதி என் பொண்ணுக்கு வளைகாப்பு" என்றேன். அவ்வளவுதான் அத்திம்பேரே, சபையே எழுந்து நின்று கை தட்டியது. டென்மார்க் அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பவர்ஃபுல் நேரேட்டிவ்" என்றாள். கை தட்டுவானேன், வால்வைத் திறக்கப்படாதோ? மனுவை நீட்டி, பெற்றுக்கொண்டதற்குச் சீலும் தேதியும் போட்டுத் தரச் சொன்னேன். சீல் இல்லையாம். பதிலுக்குப் பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். மனுவை மூன்று பிரதியும் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. சர்வீஸில் நானே எத்தனையோ மனுவைக் கிடப்பில் போட்டிருக்கிறேன். சட்டம் போட்டு மாட்டினதில்லை.

வீட்டுக்கு வந்தால் ஜானவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாளியோடு நிற்கிறாள். "அப்பா, தண்ணி வருமா, வராதா? அதை மட்டும் சொல்லு" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எந்த மாநாட்டு வாசலையும் மிதிப்பதில்லை என்று அவள் தலைமேல் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே நாற்பது பேரும் தலைக்கு ஒரு குடம் தண்ணீரோடு ரயிலேறும்படி வேண்டுகிறேன். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
ஆனந்தகிருஷ்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் இரண்டு விசேஷம். ஜெயன் தானாகவே வால்வைத் திறந்துவிட்டான். "கர்ப்பிணிப் பொண்ணு வாளி தூக்கறது கண்டிட்டு சகிக்கல சாமீ. ஆர்டர் பின்னே வரட்டும்" என்றான். தண்ணீர் கொட்டுகிறது. அடுத்தது, டென்மார்க் அம்மாளின் மெயில்: லிஸ்பன் மாநாட்டில் நான்தான் முக்கியப் பேச்சாளர், வறண்ட குழாயைப் படமெடுக்க ஒன்பதாம் தேதி ஆள் வருகிறார்களாம். எல்லாவற்றையும் ஹோலிஸ்டிக்காகப் பரிசீலித்து, பத்தாம் தேதி வரை வால்வை மூடிவைக்கும்படி ஜெயனுக்கு மனு கொடுத்திருக்கிறேன், மூன்று பிரதி. எனவே நீங்கள் யாரும் வரவேண்டாம். வளைகாப்பை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜெயலக்ஷ்மியும் ஜானவியும் நாளைக்கே ரயிலேறுகிறார்கள். ஜானவி என்னோடு பேசுவதில்லை. என்னால் வர இயலாது. படத்தில் குழாய்க்குப் பக்கத்தில் நிற்க ஒரு ஸ்டேக்ஹோல்டர் வேண்டுமாம்.