முன்வரிசை சோபாவும் மூன்றாவது பெயரும்

எங்கள் தாய்லாந்தில் தலைவர் என்றொரு இனம் உண்டு. கல்யாணமோ, புதுப் பாலத் திறப்போ, துக்க வீடோ, எங்கே நுழைந்தாலும் இவர்களுடைய கால் யாரையும் கேட்காமல் நேரே முன்வரிசை சோபாவுக்குப் போய்விடும். சட்டையில் யாராவது ரிப்பன் பூவைக் குத்தும்வரை நெஞ்சை நிமிர்த்தியபடியே நிற்பார்கள். "இரண்டே வார்த்தை" என்று ஒலிபெருக்கியைப் பிடித்தால் நாற்பது நிமிடம் விடமாட்டார்கள். இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானே அந்த இனம்தான்.

பாங்பகோங் ஆற்றங்கரையிலிருந்து ஐந்து முறை நாடாளுமன்றம் போனவன் நான். இரண்டு தடவை துணை அமைச்சர். இரண்டாவது தடவை பதினோரு நாள். அதற்குள் ஆட்சியைப் பிடிக்க ராணுவ டாங்கிகள் வந்துவிட்டன. பிறகு தொகுதி மக்களும் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டதால் உலகத்துக்குச் சேவை செய்யக் கிளம்பி, உலக அண்டைவீட்டார் மன்றத்தின் தலைவரானேன். "பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்!" என்று நாற்பத்துமூன்று நாடுகளில் முழங்கினேன். நைரோபியில் அழுதார்கள். லிமாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

என் பக்கத்து வீட்டில் தாவோன் இருந்தான். ஐந்து தேர்தலிலும் படகில் வீடு வீடாகப் போய் எனக்கு ஓட்டுக் கேட்டவன். கடைசி மூன்று வருடம் பக்கவாதத்தில் படுத்துக் கிடந்தான். நான் இரண்டு தடவை பழக்கூடை அனுப்பினேன், என் பெயர் பொறித்த நாடாவோடு.

அவன் இறந்த செய்தி கேட்டு ஃபிஜியிலிருந்து ஓடிவந்தேன். தகனத்துக்குத் தலைமை தாங்கும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டுமா? என்னை விட்டால் அவனுக்கு வேறு யார்?

எங்கள் வழக்கப்படி, சவப்பெட்டிக்கு முன்னால் பிக்குகளுக்கான காவித் துணியை, அதாவது சீவரத்தை, வைக்க ஒவ்வொருவராக அழைப்பார்கள். சின்னவர் முதலில், பெரியவர் கடைசியில். கடைசியாகப் போகிறவர்தான் தலைவர். எரியூட்டுவதற்காகச் சந்தனச் சீவலில் செய்த பூவை முதலில் வைப்பதும் அவரே. ஆகவே பெயர் எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவு கௌரவம்.

சோபாவில் எனக்குப் பக்கத்தில் நூடுல்ஸ் கடை கிம்லாங், விளிம்பில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிம்லாங், இது பெரிய மனுஷங்க உக்கார்ற இடம். பின்னாடி நாற்காலி நிறைய இருக்கே?"

"நானும் அதைத்தான் சொன்னேன் ஐயா. லம்யாய்தான் கையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சிருச்சு. முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டுது."

லம்யாய் தாவோனின் மனைவி. துக்கத்தில் புத்தி தடுமாறியிருக்கும் என்று பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார்கள். முதலில் பள்ளித் தலைமையாசிரியர். அடுத்து ஊராட்சித் தலைவர். மூன்றாவதாக, எல்லாப் பட்டங்களோடும், நான். எழுந்திருக்கவில்லை. அறிவிப்பாளர் பட்டங்களை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"ஐயா, உங்களைத்தான்," என்றாள் கிம்லாங்.

"தெரியும்மா! என்னைக் கடைசியிலதானே கூப்பிடணும்?"

ஊரே பார்த்தது. லம்யாய் எழுந்து என்னிடம் வந்தாள்.

"அண்ணே, கடைசிப் பேரு கிம்லாங்கோடதுதான். மூணு வருஷமா தினம் காலைல கடை திறக்குறதுக்கு முன்னாடி வந்து அவருக்குக் கஞ்சி ஊட்டினவ அவ. அவளைத்தான் கூப்பிடணும்னு அவரே சொல்லிட்டுப் போனாரு."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"கேட்டேன்ணே. 'அவன் வெளிநாட்டுல இருப்பான், தொந்தரவு பண்ணாதே'ன்னாரு."

கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்றாவது ஆளாகப் போய் சீவரத்தை வைத்துவிட்டு வந்தேன், தலை நிமிரவில்லை.

கிம்லாங்கின் முறை வந்தது. தகனமேடைப் படியில் நின்றுவிட்டாள். "எனக்கு இதெல்லாம் தெரியாதே, என்ன பண்ணணும்?" என்று என்னைத்தான் பார்த்தாள். இந்த ஒரு வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லையே! சீவரத் தட்டை வாங்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறினேன். "துணியை வை. கும்பிடு. அவ்வளவுதான்," என்றேன். அவள் வைத்தாள், கும்பிட்டாள், பிறகு பெட்டியிடம் மெதுவாகச் சொன்னாள்: "இன்னிக்குக் காலைலகூட மறந்துபோய் உனக்கும் சேர்த்துக் கஞ்சி வச்சுட்டேன்ப்பா."

நான் அழுதேன். நிஜமாகவே அழுதேன். அழுகிற முகத்தைப் புகைப்படக்காரர் இருந்த பக்கம் லேசாகத் திருப்பியதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த மாதம் பிரிஸ்பேன் மாநாட்டில் 'பணிவு' என்ற தலைப்பில் இந்தக் கதையை நாற்பது நிமிடம் சொன்னேன். அங்கே சொன்ன கதையில், என் கடைசி இடத்தை நானே கிம்லாங்குக்கு விட்டுக்கொடுத்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, 'அடடா, அப்படியே எங்கள் முன்னாள் ஆளுநரை உரித்து வைத்திருக்கிறதே!' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உங்களுக்கும் இந்நேரம் யாரோ ஒருவருடைய முகம் ஞாபகத்துக்கு வந்திருக்குமே? ஜாக்கிரதை. இந்த வியாதி அப்படித்தான் ஆரம்பிக்கும்.