கோர்ட் நியமித்த கன்னம்

ஆம்பூரில் கன்னத்தை வைத்தே சம்பாதித்துச் சாப்பிட்ட ஒரே மனுஷர் கன்னம் மாஸ்டர்தான். தோலைக் கையால் தடவித் தரம் சொல்பவர்கள் ஊரெல்லாம் உண்டு. இவர் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். இடது கன்னம் ஆட்டுத் தோலுக்கு, வலது கன்னம் மாட்டுத் தோலுக்கு. யாராவது மாற்றி நீட்டினால் கெட்ட கோபம் வரும்.

எனக்குச் சின்னதாக ஒரு ஷூ பட்டறை. மேல்விஷாரத்தில் வாங்கிய மாட்டுத் தோலில் செய்த ஷூவெல்லாம் முனையில் வெடித்துத் திரும்பி வந்துவிட்டன. தோல் விற்ற முதலாளிமேல் கேஸ் போட்டேன். ஜெயித்தால் பட்டறை பிழைக்கும், தோற்றால் பூட்டு. நான் கூட்டிவந்த நிபுணர் தோல் மட்டம் என்றார். முதலாளி கூட்டிவந்த நிபுணர் தோல் தங்கம் என்றார். நொந்துபோன ஜட்ஜம்மா, "கோர்ட்டே ஒருத்தரை நியமிக்கும்" என்று மாஸ்டரை நியமித்துவிட்டார். அவர் தினமும் என்னோடு டீ குடிப்பவர். ஆனால் அவரோடு டீ குடிக்காதவர் ஊரிலேயே இல்லை என்பதால் எதிர்த்தரப்பும் ஆட்சேபிக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மறுநாள் டீக்கடையில் அவரிடம் டீயை நீட்டினேன்.

"இன்னாய்யா, கோர்ட் ஆளுக்கே டீ குடுக்கறியா? அப்பால போ!"

கடையே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து என்னோடு பேச்சே இல்லை. எதிரே வந்தால் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மழையும் இருக்காது, வெயிலும் இருக்காது.

முதல் வாய்தாவில், "நேத்துதான் ஷேவ் பண்ணேங்கம்மா, எரியுது. கன்னம் ரெடியா இல்ல" என்றார். அடுத்த வாய்தாவில் பல்வலி. வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"அதான் இன்னொரு கன்னம் இருக்கே?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"அது ஆட்டுக் கன்னங்க. மாட்டுக்குச் செல்லாது."

ஜட்ஜம்மா வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே வேறு தேதி கொடுத்தார்.

ஒருவழியாக வீக்கம் வடிந்து வந்தவர், தோலை வலது கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடினார். கோர்ட்டே எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. கோர்ட் டவாலி உலுக்கி எழுப்பினார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. மட்டமான தோல்னா உறுத்தும், தூக்கம் வராது. இது நல்ல தோலு. முனை மட்டும் வெடிச்சிருக்குன்னா, பட்டறைல முனை மடிக்கற மெஷின்ல சூடு ஜாஸ்தி வச்சிருக்காங்க."

தீர்ப்பும் அப்படியே வந்தது. இனி பூட்டு வாங்க வேண்டியதுதான் என்று இடிந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை பட்டறை வாசலில் மாஸ்டர் நின்றார்.

"கோர்ட் வேலை முடிஞ்சுபோச்சு. எங்கய்யா அந்த மெஷினு?"

சூடு பார்க்கிறேன் என்று அதிலும் கன்னத்தை வைத்துவிட்டார். தெருவே ஓடிவரும்படி ஓர் அலறல்! அலறிக்கொண்டே சூட்டைக் குறைத்தார். அதற்குப் பிறகு ஒரு ஷூகூட வெடிக்கவில்லை. பட்டறை இன்றும் ஓடுகிறது.

அன்று மருந்து தடவிய கன்னத்தோடு எதிரே உட்கார்ந்து, "மெஷின் வச்சிருக்கான் பாரு மெஷினு!" என்று என்னைத் திட்டித் தீர்த்தார். மனுஷர் மறுபடி என்னோடு பேசுகிறாரே என்று சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.