வெட்டட்டுங்களா, மூடட்டுங்களா?

பொருளாதாரம் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்துவிடுவான். எனக்கும் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு மருந்தும் உண்டு. அது ஓர் ஊறுகாய் ஜாடி. பட்ஜெட் அன்று டி.வி. முன்னால் உட்கார்ந்து, "இந்த வரியைக் குறைத்தால் என்ன ஆகும் தெரியுமா?" என்று நான் தொண்டையைக் கனைத்தால் போதும், என் மனைவி ராஜம் அடுக்களையிலிருந்து அந்த ஜாடியை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதற்கப்புறம் நானும் பேசமாட்டேன். ஜாடிக்குள் ஊறுகாய் கிடையாது. என்ன இருக்கிறது என்பதற்குத்தான் இவ்வளவு பெரிய கதை.

நான் நெய்வேலிக்கு வந்தபோது ஊரே புது மண்ணும் சுண்ணாம்பு வாசனையுமாக இருந்தது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியும் பி.ஏ. பொருளாதாரமுமாக வந்து இறங்கினேன். (இரண்டாம் வகுப்புதான். நடை மட்டும் முதல் வகுப்பு.) கணக்குப் பிரிவில் குமாஸ்தா வேலை, புரொபேஷன். அந்த நாளில் டவுன்ஷிப்பில் இரண்டு பேர் சந்தித்தால் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்கள். "பெர்மனென்ட் ஆயிடுச்சா?" என்பார்கள். பெர்மனென்ட் ஆனால் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் கல்யாணம். என் விஷயத்தில் அந்தக் கல்யாணப் பெண் என் தாய்மாமன் மகள் ராஜம்.

மாமா கோவில்பட்டியில் சிறிய தீப்பெட்டித் தொழிற்சாலை வைத்திருந்தார். கறாரான மனிதர். "மருமவனே, பெர்மனென்ட் ஆர்டரக் கொண்டாந்து காட்டு. அடுத்த முகூர்த்தத்துல தாலி. அதுவரைக்கும் வீட்டுப் பக்கம் வந்து அசடு வழியாதே" என்று சொல்லியிருந்தார். அந்த ஆர்டரில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் கணக்கு ஆபீசர் சபாபதி. ஆக, என் ராஜம் சபாபதியின் பேனா மூடிக்குள் இருந்தாள்.

ஊரில் இன்னொரு கேள்வியும் உண்டு. அதை ஊருக்குள் யாரும் கேட்கமாட்டார்கள், வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். "கரி வந்துடுச்சா?" நிலக்கரி எடுக்கத்தான் இத்தனை பெரிய ஊர். ஆனால் அது கிணற்று ஆழத்துக்கும் கீழே படுத்திருந்தது. மேலே இருக்கிற மண்ணை வருஷக்கணக்காக வெட்டி, வெட்டி, இன்னும் கரி கண்ணில் படவில்லை. ஒரு பக்கம் வெட்டிய மண்ணைக் கொண்டுபோய் இன்னொரு பக்கம் மலை மலையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்து ஆட்கள் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் பலாப்பழம் விற்கிறவள்கூட, "இன்னா, கரி கெடச்சிதா, இன்னும் மண்ணுதானா?" என்று சிரிப்பாள். அவர்களுக்கு உடம்பெல்லாம் எரியும். இது எனக்குத் தெரியும். தெரிந்துமா அப்படிப் பேசினாய் என்று கேட்காதீர்கள். அதைத்தான் நானே என்னை இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் மனமகிழ் மன்றத்தில் பட்டிமன்றம் என்று அறிவித்தார்கள். தலைப்பு: 'நாடு முன்னேறத் தேவை வரிக் குறைப்பா, அரசின் செலவா?' நடுவர் சாட்சாத் சபாபதி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆபீசர் முன்னால் என் படிப்பைக் கடைவிரிக்க இதைவிட நல்ல நாள் வருமா? பெயரைக் கொடுத்தேன். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வந்தது வரிக் குறைப்பு. வரியைக் குறை, அரசாங்கச் செலவையும் குறை என்று பேச வேண்டும்.

அறைக்கு வந்து யோசித்தேன். சம்பளம் அரசாங்கச் செலவு. குவார்ட்டர்ஸ் அரசாங்கச் செலவு. ரோடு, தண்ணீர், தெருவிளக்கு, மேடை, மைக், நடுவரின் நாற்காலி எல்லாமே அரசாங்கச் செலவு. இந்த ஊரில் ஏறி நின்று செலவைக் குறை என்றால் சபாபதி முதலில் என்னைத்தானே குறைப்பார்?

என் அறைத் தோழன் கதிரேசனுக்கு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது. அவன் தேனிக்காரன், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவன். காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

"கதிரேசா, பக்கத்த மாத்திக்கலாமாடா? ஒரு மாசத்துக்கு மெஸ்ல எம் பங்கு முட்டை உனக்குத்தான்."

"எனக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னடா? முட்டை அவிச்சதா, பொரிச்சதா?"

அவ்வளவுதான். பத்திரமான பக்கத்துக்கு வந்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். (என் வாழ்க்கையில் புத்திசாலித்தனமாக நான் செய்த காரியங்கள் எல்லாம் இந்த ரகம்தான்.) ஒரு வாரம் உட்கார்ந்து உரை தயாரித்தேன். அதில் முக்கால்வாசி, வரியைக் கண்டு அழுகிற வியாபாரிகளைக் கிழிகிழியென்று கிழிப்பது. உதாரணத்துக்கு, மாமாவின் தொழிலை எடுத்துக்கொண்டேன். தீப்பெட்டி முதலாளிகள் பெட்டிக்குப் பெட்டி அரசாங்க வரிச் சீட்டு ஒட்டுவதற்கு மூக்கால் அழுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் அல்லவா? கோவில்பட்டி எங்கே, நெய்வேலி எங்கே, யாருக்குத் தெரியப்போகிறது!

பட்டிமன்றத்தன்று சாயங்காலம் மன்றத்து மைதானம் நிறைந்திருந்தது. முதல் ஷிப்ட் முடித்த சுரங்கத்து ஆட்கள் குளித்துத் தலை சீவி, குடும்பத்தோடு வந்திருந்தார்கள். முதலில் கதிரேசன் பேசினான். பாவி, அரசாங்கச் செலவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"ஐயா, பீடி பத்த வைக்கிறோம். அந்தக் குச்சிக்கு வரி. சினிமாவுக்குப் போறோம். அழுகிறதுக்கும் வரி குடுத்துட்டுத்தான் அழுகிறோம். அந்தக் காசு நம்ம மடியில இருந்தா என்ன பண்ணுவோம்? பொண்டாட்டிக்கு ஒரு சேலை எடுப்போம். சேலைக்காரன் அரிசி வாங்குவான். அரிசிக்காரன் செருப்பு வாங்குவான். காசு சுத்துமா, சுத்தாதா?"

"சுத்தும்!" என்று மைதானம் கத்தியது. முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே கைதட்டினார். யாரடா இந்த ரசிகர் என்று பார்த்தேன். என் மாமா.

அடுத்த வாரம் வருவதாகச் சொன்னவர், ஊரையும் குவார்ட்டர்ஸையும் நேரில் பார்க்கலாம் என்று திடீரென்று கிளம்பி வந்திருக்கிறார். என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையை ஆட்டினார். என் கையிலிருந்த காகிதங்களில் முதல் மூன்று பக்கமும் அவர் மானத்தை வாங்குகிற சங்கதி. அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையேறினேன். "பெரியோர்களே" என்றேன். முதல் பக்கத்தைப் புரட்டினேன், தீப்பெட்டி. இரண்டாம் பக்கம், தீப்பெட்டி. மூன்றாம் பக்கம் தீப்பெட்டி முதலாளியின் தொப்பை. காகிதங்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வாங்குகிற ஆட்கள் கையில் காசில்லாதபோது அரசாங்கம்தான் செலவழித்துத் தொழிலை எழுப்ப வேண்டும் என்ற கொள்கையை இரண்டே வாக்கியத்தில் ஒப்பித்து முடித்தேன். இன்னும் பத்து நிமிஷம் பாக்கி. எதைச் சொல்ல? கல்லூரியில் படித்த ஒரு வெள்ளைக்கார மேதையின் உதாரணம் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. தப்பித்தோம் என்று அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அரசாங்கம் எதற்காகச் செலவழிக்கிறது என்பது முக்கியமே அல்ல! ஆட்களைக் கூப்பிட்டு ஒரு பெரிய பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். கூலி கொடுங்கள். பிறகு அதே ஆட்களைவிட்டு மூடச் சொல்லுங்கள். அதற்கும் கூலி கொடுங்கள். நாடு முன்னேறிவிடும்!"

மைதானம் கப்சிப். ஆகா, சொக்கிப்போய்விட்டார்கள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தினேன்.

"பள்ளத்துக்குள் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கவலை இல்லை! எவ்வளவு பெரிய பள்ளமோ அவ்வளவு நல்லது!"

நடுவில் ஒருவர் எழுந்தார். முனுசாமி, பக்கத்து வடக்குத்துக்காரர், வீட்டைச் சுரங்கத்துக்குக் கொடுத்தவர். சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டிய ஜெர்மன் இயந்திரம் ஒன்று மண்ணை வாரிக்கொண்டிருந்ததே, அதில் ஆபரேட்டர்.

"ஐயா, ஒரு சந்தேகங்க. நீங்க சொல்றது எங்க பள்ளத்தத்தானுங்களா?"

"இல்லை, இல்லை! பொதுவாக ஒரு பள்ளம்."

"இந்த ஊர்ல வேற பள்ளம் எதுங்க?"

அவர் விடவில்லை.

"ராவும் பகலுமா வெட்டிக்கினு இருக்கோங்க. எங்க வூடு இருந்த எடத்தத்தான் வெட்டிக்கினு இருக்கோம். ஒண்ணும் இல்லாங்காட்டியும் பரவால்லன்றீங்களே, மூடறப்ப எங்க வூட்ட எடுத்து மேல வச்சிட்டு மூடச் சொல்றீங்களா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம் நான். சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று, "நம் பள்ளத்தில் ஏதாவது இருக்கும் என்று நம்புவோம்" என்றேன். அய்யோ, அந்த 'ஏதாவது'! மைதானமே எழுந்துகொண்டது. "எறங்குடா!" என்று ஒரு குரல். "பேனா புடிச்சிக்கினு ஒக்காந்திருக்கறவனுக்கு இன்னாடா தெரியும்!" என்று இன்னொரு குரல். யாரோ கடலைத் தோலை மேடையில் எறிந்தார்கள். சபாபதி மணியை அடித்த அடியில் அதன் நாக்கு கழன்று விழுந்தது.

தீர்ப்பு என்ன தெரியுமா? "நாடு முன்னேறத் தேவை அரசின் செலவே. ஆனால் அதை இனி இவர் வாயால் கேட்க வேண்டாம்." என் கட்சி ஜெயித்துவிட்டது. நான் மட்டும் தோற்றேன்.

மெஸ்ஸில் மாமா என்னோடு பேசவில்லை. கதிரேசனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, "தம்பிக்கு எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ள? கல்யாணம் ஆயிட்டா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கதிரேசன் என் முட்டையைத் தின்றுகொண்டே பவ்யமாகப் பதில் சொன்னான். பஸ் ஏறும்போதுதான் மாமா என் பக்கம் திரும்பினார். "ஏலே, ஒன் ஆபீசர் மூஞ்சியப் பாத்தேன். பெர்மனென்ட்டாம், பெர்மனென்ட்டு! தை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல எம் மகள வச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியாது."

மறுநாள் காலையில் சபாபதி கூப்பிட்டார். "பள்ளத்தப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச ஆள இந்த ஆபீஸ்ல வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?" என்றார். புரொபேஷன் நீட்டிப்பு. அதோடு சுரங்கத்து டைம் ஆபீசுக்கு மாற்றல். பள்ளத்தின் விளிம்பில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஆபீஸ். ஷிப்டுக்கு வருகிறவர்களுக்கு வருகை போட வேண்டும். வருகிறவர்கள் யார்? அன்றைக்குக் கடலைத் தோல் எறிந்த அதே புண்ணியவான்கள்.

முதல் நாள் முனுசாமி வந்து ஜன்னலில் குனிந்தார். மரியாதையாகக் கேட்டார்.

"சார், இன்னிக்கி வெட்டட்டுங்களா, மூடட்டுங்களா?"

வரிசையே குலுங்கிச் சிரித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஷிப்டிலும் ஒவ்வொருவரும் இதைக் கேட்காமல் உள்ளே போகமாட்டார்கள். எதிர்த்துப் பேச எனக்கு வாய் ஏது? "வெட்டுங்க" என்பேன். "சரிங்க" என்று போவார்கள். நாளாக நாளாக எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. அவர்களைவிட நான்தான் அதிகமாகப் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். கரி வந்தால்தான் சபாபதியின் கோபம் தணியும், கோபம் தணிந்தால்தான் கையெழுத்து, கையெழுத்து விழுந்தால்தான் ராஜம். பூமிக்குள் இருக்கிற கரியை என்னைப்போல் ஏங்கிக் காதலித்தவன் எவனும் இருக்கமாட்டான்.

ஒருநாள் மத்தியானம் கீழேயிருந்து கூச்சல் கேட்டது. விபத்தோ என்று பதறி ஓடினேன். எதிரே முனுசாமி மேலெல்லாம் சேறாக ஏறி வந்துகொண்டிருந்தார். கையில் கருப்பும் பழுப்புமாக, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கட்டி. கொட்டகைக்குள் வந்து என் மேஜைமேல் வைத்தார்.

"இந்தாங்க சார். பள்ளத்துல இருந்திச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"இம்மாம் நாளா எங்க வூட்டுக்கு அடியிலதாங்க இருந்திருக்கு. நாங்க அது மேலயே பாயப் போட்டுத் தூங்கிக்கினு இருந்திருக்கோம்."

நான் அழுதுவிட்டேன். கல்யாணத்துக்காக அழுதேனா, கரிக்காக அழுதேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. முனுசாமி என் முதுகில் தட்டிக்கொடுத்ததில் வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன. அந்தக் களேபரத்தில் ஊரே ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டது. சபாபதிகூட என்னைக் கட்டிப் பிடித்தார். (யார் என்று பார்க்காமல் பிடித்திருப்பார்.) அந்த வாரமே என் ஆர்டரில் கையெழுத்தும் விழுந்தது.

ஆர்டரையும் கரிக் கட்டியையும் எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு ஓடினேன். மாமா ஆர்டரைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். கரியை முகர்ந்து பார்த்தார். தன் தொழிற்சாலைத் தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்து அதில் வைத்தார். பற்றவில்லை. இன்னொரு குச்சி. அதுவும் அணைந்தது.

"எரியலையே மருமவனே! இதுக்குத்தானா இத்தன ஆர்ப்பாட்டம்?"

உள்ளேயிருந்து ராஜத்தின் குரல் கேட்டது.

"யப்பா, ஈர வெறகு மட்டும் குச்சியக் காட்டினதும் எரிஞ்சிருமாக்கும்? காய வச்சுப் பாருங்க. எதுக்கு வரி கட்டின குச்சியப் போட்டு வீணாக்குதீக?"

மாமா குச்சியைக் கீழே வைத்துவிட்டார். வரி என்றால் அவருக்கு அவ்வளவு பயம். தை பிறந்ததும் முகூர்த்தம். கட்டி காயக் காய வெடித்துத் தூளாக உதிர்ந்தது. ராஜம் அதை ஊறுகாய் ஜாடியில் அள்ளிப் போட்டு நெய்வேலிக்குக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அது என் வாய்க்கு மூடி.

எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வந்த பையன் பொருளாதாரப் பேராசிரியர். பெண் பார்க்க வந்த இடத்தில், காபியைக் கையில் வைத்துக்கொண்டு, அரசின் செலவைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். நல்ல பிள்ளைதான், நிச்சயம் செய்துவிட்டோம். கல்யாணத்தில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே ராஜம் ஒரு சின்ன ஜாடியையும் சீராக வைத்து அனுப்பினாள். உள்ளே பாதிக் கரி.

போன பட்ஜெட் அன்று ராத்திரி மகளிடமிருந்து போன் வந்தது. "அப்பா, இவர் ஒரு மணி நேரமா நிறுத்தவே இல்ல. ஜாடிய எடுத்து வச்சுட்டேன். என்னன்னே புரியாம முழிக்கிறார். நீங்களே சொல்லுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அந்த நாளில் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னவன் நான். முதல்முறையாக அந்தப் பக்கம் நிற்கக் கிடைத்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையாகக் கேட்டேன்:

"மாப்பிள்ளை, இன்னிக்கி வெட்டட்டுங்களா, மூடட்டுங்களா?"